சீம்பால் மாறுவதற்குள்

கன்று ஈன்ற மாட்டின் பாலை முதல் ஐந்து நாள் எங்கள் சொசைட்டியில் வாங்க மாட்டோம். அது சீம்பால். அடுப்பில் வைத்தால் திரிந்து கட்டியாகிவிடும். ஒரு தூக்குவாளிச் சீம்பால் தெரியாமல் கேனில் விழுந்துவிட்டால் அந்தக் கேன் முழுக்கப் போச்சு. அதனால் யார் வீட்டு மாடு என்றைக்கு ஈன்றது என்ற கணக்கு எனக்கு எப்போதும் மனப்பாடம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால் பாயும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 19 வருடமாக அங்கே பால் டெஸ்டர் வேலை பார்க்கிறேன்.

இந்த ஐந்து நாள் கணக்குதான் என்னை வட அட்லாண்டிக்கின் பனிக்கடலில் வாழும் ஒரு சீல் வரைக்கும் கொண்டுபோனது.

போன பங்குனியில் எங்கள் வீட்டுச் சிவப்பி ஈன்றாள். கலப்பின மாடு, மூன்றாம் ஈத்து. விடிகாலை மூன்று மணிக்குக் கன்று விழுந்தது, கிடாரி. நஞ்சுக்கொடி விழ ஏழு மணி ஆகிவிட்டது. அதை வைக்கோலில் பொதிந்து கட்டி, வாய்க்கால் கரை ஆலமரத்தில் வீட்டுக்காரர் தொங்கவிட்டு வந்தார். சாயங்காலம் நான் கன்றைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போய், தீவன மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். என் எடையைக் கழித்தால் கன்று 24 கிலோ. எங்கள் தொழுவத்தில் பிறக்கும் எல்லாக் கன்றையும் இப்படி நிறுத்து நோட்டில் எழுதி வைப்பேன்.

அன்று ராத்திரி அக்கா மகள் போன் செய்தாள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கிறாள். கன்று 24 கிலோ என்று சொன்னதும், "சித்தி, நாலு நாள் கழிச்சு மறுபடி நிறுத்துப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, அப்பொறம் நான் ஒண்ணு சொல்லுதேன்" என்றாள்.

நாலாம் நாள் நிறுத்தேன். 26 கிலோ. நாளுக்கு அரைக் கிலோ, நல்ல வளர்ச்சிதான். சொன்னேன்.

"கடல்ல ஒரு சீல் இருக்கு சித்தி. அதோட குட்டியும் பிறக்கும்போது உங்க கன்னு மாதிரிதான், 20 கிலோவுக்கு மேல. நாலாம் நாளு 40 கிலோவுக்கு மேல வந்துரும். அன்னைக்கே பாலும் நின்னுரும். அம்மா போயிரும்."

நான் நம்பவில்லை. பால் விஷயத்தில் யார் எதைச் சொன்னாலும் சட்டென்று நம்பிவிட்டால் டெஸ்டர் வேலை பார்க்க முடியாது. ஆனால் அவள் அனுப்பியதையெல்லாம் அன்றைக்கு ராத்திரி தொழுவத்திலேயே உட்கார்ந்து படித்தேன். அதன் பிறகு ஒரு வருடமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

அதன் பெயர் ஹூடட் சீல். முக்காட்டு சீல் என்று சொல்லலாம். வீட்டில் சொன்னபோது பெரியவர்கள் தாமிரபரணியில் மீன் பிடிக்கும் நீர்நாயை நினைத்துக்கொண்டார்கள். அது வேறு குடும்பம். இது கால்களெல்லாம் துடுப்பாகிப்போன கடல் பிராணி. வெள்ளிச் சாம்பல் நிற உடம்பில் கறுப்புத் திட்டுகள். பெண் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆண் இரண்டரை மீட்டர் நீளம். ஆணின் எடை 300 கிலோவையும் தாண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே, செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில், கிரீன்லாந்துக்கு மேற்கே டேவிஸ் நீரிணையில், கிழக்கே யான் மாயன் தீவை ஒட்டிய பனியில் என நான்கே இடங்களில் குட்டி போடுகின்றன. மற்ற நாளெல்லாம் பெரும்பாலும் கடல்தான். மீனையும் கணவாயையும் தேடி 1000 மீட்டருக்கும் கீழே மூழ்கி வரும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாஞ்சோலை எஸ்டேட்டுக்குப் பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறதே, ஏறத்தாழ அந்த உயரத்தை அது மூச்சடக்கிக்கொண்டு இறங்கி ஏறுகிறது.

குட்டி போடுவது மார்ச் பாதிக்கு மேல். நமக்குப் பங்குனி பிறக்கிற சமயம். பிசான அறுப்பு முடிந்து, வைக்கோல் படப்பு வைத்து, உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போக நாம் வண்டி பேசிக்கொண்டிருக்கும் நாட்களில், அங்கே கடலில் மிதக்கும் ஒரு பனிப்பாளத்தின் மேல் அந்தத் தாய் ஏறிப் படுக்கிறாள். கரையோடு ஒட்டிய பனி இல்லை அது. துண்டு துண்டாக உடைந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளும் திசையில் போய்க்கொண்டிருக்கும் பனி. பெரிய புயல் ஒன்று வந்தால் அலை கீழிருந்து தூக்கி அந்தப் பாளத்தை உடைத்துப் போடும். பக்கத்துப் பாளம் வந்து மோதி நசுக்கவும் செய்யும். பனிக்கரடியும் வரும்.

எங்கள் ஊரில் ஒரு மாடு ஈனப்போகிறது என்றால் முதலில் பார்ப்பது தரையைத்தான். வழுக்குகிறதா, ஈரமா, வைக்கோல் போதுமா என்று பார்ப்போம். இவளுக்குத் தரையே உறுதி கிடையாது. என்றைக்கு உடையும் என்றும் தெரியாது. அவள் உடம்பு இதற்குக் கண்டிருக்கிற வழிதான் அந்த நான்கு நாள். பாலூட்டிகளில் இவ்வளவு குறைந்த நாள் பால் கொடுக்கும் பிராணி வேறு இல்லை. நாம் சொசைட்டியில் முதல் பாலை வாங்கும் முன்பே, சீம்பால் மாறும் முன்பே, அங்கே ஒரு தாயின் மொத்தப் பால் காலமும் முடிந்துவிடுகிறது.

எப்படி முடிகிறது? பாலில்தான் விஷயம். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், இது என் தொழில்.

நாட்டுப் பசுவோ கலப்பினமோ, பாலில் கொழுப்பு 4 சதவீதம் பக்கம் இருக்கும். எருமைக்கு 6, 7, நல்ல எருமையானால் 8. முக்காட்டு சீலின் பாலில் கொழுப்பு சுமார் 60 சதவீதம். பத்து கிலோ பாலில் ஆறு கிலோ கொழுப்பு. நாம் கடைந்தெடுக்கும் வெண்ணெயே 80 சதவீதக் கொழுப்புதான். அந்தக் கணக்கில் பார்த்தால் அது பாலை விட வெண்ணெய்க்குத்தான் நெருக்கம். பால் சர்க்கரை மிகவும் குறைவு.

இப்போது எங்களுக்கு அனலைசர் மெஷின் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கெர்பர் முறைதான். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். அடைத்துக் குலுக்கினால் குழாய் கை பொறுக்காத சூடு ஏறும். துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். சுற்று மெஷினில் போட்டு எடுத்தால் மஞ்சளாக ஒரு கொழுப்புத் தண்டு மேலே வந்து நிற்கும். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் ஃபேட். அந்தக் குழாயில் கோடு 10 வரைதான். இத்தனை வருடத்தில் அந்தப் பத்தை எட்டிய ஒரு மாட்டை நான் பார்த்ததில்லை. இந்தத் தாயின் பாலை ஊற்றினால் குழாய் முழுக்கக் கொழுப்பாகவே நிற்கும், வாசிக்கக் கோடு இருக்காது.

பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரின் கதை இன்னும் வேறு. கொழுப்பு தண்ணீரை விட லேசு. பாலில் கரைந்திருக்கும் சர்க்கரையும் புரதமும் உப்பும்தான் லாக்டோமீட்டரை மேலே தூக்கி நிறுத்துவது. தண்ணீர் கலந்தால் அது அமிழும். டிகிரி குறைவு என்று பாலைத் திருப்பி அனுப்புவோம். சர்க்கரை மிகவும் குறைந்த, பாதிக்கு மேல் கொழுப்பான ஒரு பாலில் அதை விட்டால் தலைவரை அமிழ்ந்துபோகும். உலகத்திலேயே மிகச் செழிப்பான பாலும் தண்ணீர்ப் பாலும் அந்தக் கருவிக்கு ஒன்றாகத் தெரியும். இதை யோசித்த நாளிலிருந்து, லாக்டோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு யாரிடமும் "தண்ணி விட்டிருக்கீங்களா" என்று நான் கேட்பதில்லை. ஃபேட்டையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

இந்தக் குட்டியின் வளர்ச்சியை அளந்தவர்கள் டான் போவன், ஓலாவ் ஆஃப்டெடால், டேரில் போனஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள். 1985-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் தலைப்பிலேயே நான்கு நாள் என்ற கணக்கு இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும் பனியில் நின்று, தாய் பக்கத்தில் சீறிக்கொண்டிருக்க, குட்டியைத் தூக்கித் தராசில் போட்டவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. ஆஃப்டெடால் ஒரு பால் விஞ்ஞானி. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் உயிரியல் பூங்காவில் எத்தனையோ விலங்குகளின் பாலை உறைய வைத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர் அங்கே வேலை பார்த்தவர். பாலை ஆராய்வதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட ஒருவர் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்திருக்கிறார் என்பது எனக்கு ஏனோ பெரிய நிறைவாக இருந்தது.

குட்டி ஒரு நாளைக்குச் சுமார் 7 கிலோ ஏறுகிறது. ஏறுவதில் பெரும்பகுதி தோலுக்கு அடியில் கொழுப்பாகப் படிகிறது. அதுதான் அதற்குப் போர்வை, அதுதான் கட்டுச்சோறு. தாய் இந்த நான்கு நாளும் எதுவுமே சாப்பிடுவதில்லை. பனியை விட்டு இறங்கினால்தானே மீன்? இறங்குவதில்லை. அதற்கு முன்பு மாதக்கணக்கில் தின்று சேர்த்த தன் கொழுப்பை உருக்கி உருக்கிக் கொடுக்கிறாள். குட்டி ஏறுவதை விட அதிகமாகவே அவள் இறங்குகிறாள்.

சிவப்பி ஈன்ற அன்றைக்கே நான் அவளுக்குக் கருப்பட்டி போட்டுக் கம்பங்கஞ்சி காய்ச்சி வைத்தேன். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு எல்லாம் அளவு பார்த்துக் கூட்டிக்கொண்டே போனேன். மாடு தின்றால்தான் மடி. உள்ளே ஒன்றும் போகாமல் நாளுக்கு இத்தனை கிலோ பால் வெளியே வருவதை என் அனுபவத்தை வைத்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒப்பிட வேண்டுமானால் நம் மன்னார் வளைகுடாவின் கடல்பசுவைத்தான் எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலில், கடற்புல் மேய்ந்துகொண்டே, ஒரு வருடத்துக்கும் மேல் அது கன்றுக்குப் பால் கொடுக்கிறது. புல்லும் இருக்கிறது, அவசரமும் இல்லை.

குட்டி பிறக்கும்போதே பாதி வேலையை வயிற்றுக்குள் முடித்துக்கொண்டுதான் வருகிறது. பனியில் பிறக்கும் பல சீல் குட்டிகளுக்கு வெள்ளைப் பூமுடி இருக்கும், பிறந்து சில வாரம் கழித்து உதிரும். முக்காட்டு சீல் குட்டி அந்த முடியைத் தாயின் வயிற்றிலேயே உதிர்த்துவிடும். முதுகு நீலம் பாய்ந்த சாம்பல், வயிறு சந்தன வெள்ளை. தோலுக்கு அடியில் கொஞ்சம் கொழுப்பும் இருக்கும். அந்த நீல முதுகுதான் பின்னால் அதற்கு வினையானது.

ஆணைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயரே அதனால்தான் வந்தது. வளர்ந்த ஆணின் மூக்கறை நெற்றி வரை ஒரு பையாக நீண்டிருக்கும். சும்மா இருக்கும்போது வாய்க்கு மேல் தொங்கும், காற்றை நிரப்பினால் தலை மேல் கறுப்பு முக்காடாக எழும்பும். அது போதாதென்று, மூக்கின் நடுச்சவ்வை ஒரு துவாரம் வழியாக வெளியே ஊதி ரத்தச் சிவப்பில் ஒரு பலூன் காட்டும். வேறு ஆண்களை விரட்டவும் பெண்ணைக் கவரவும் இதெல்லாம். தாயும் குட்டியும் கிடக்கும் பனிப்பாளத்திலேயே ஓர் ஆணும் காவல் மாதிரி கிடக்கும். படத்தில் பார்த்தால் அப்பா, அம்மா, பிள்ளை என்றுதான் தோன்றும். குட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பால் நின்றதும் தாய் தண்ணீரில் இறங்குவாள், அதற்காகத்தான் காத்திருக்கிறது. இணை சேர்ந்த பிறகு கரு உடனே கருப்பையில் ஒட்டாமல் சில மாதம் அப்படியே நிற்கும். அதனால்தான் அடுத்த குட்டியும் சரியாக அடுத்த மார்ச்சில், பனி இருக்கும் நாளில் விழுகிறது. சினை ஊசிக்கு நாள் பார்த்து அலைகிற எங்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்.

இதையெல்லாம் நான் அதிகமாகச் சொன்னது எங்கள் தெரு ஆச்சியிடம். எருமை வைத்திருக்கிறாள், தினமும் இரண்டு வேளையும் பால் ஊற்ற வருவாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பால் ஊற்றுகிறாள். வரிசையில் முதலில் வந்து, எல்லோரும் போன பிறகுதான் போவாள்.

"நாலு நாளா? அம்புட்டுதானா? பொறவு அந்தக் குட்டி என்னட்டி செய்யும்?"

"தனியாக் கிடக்கும் ஆச்சி. கொஞ்ச நாள் பனி மேலேயே, ஒண்ணும் திங்காம. பொறவு அதுவே தண்ணில இறங்கும். அதுவே நீந்திப் பாக்கும். சின்னச் சின்ன கூனிப்பொடி மாதிரி கிடைக்கிறதத் தின்னு பழகும்."

"சொல்லிக் குடுக்க ஆளு?"

"யாரும் கிடையாது."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாத்தையும் பாலுலயே குடுத்துட்டுப் போயிட்டாளாக்கும்" என்றாள்.

என் மகனுக்கு நான் பால் மறக்கடித்தது இரண்டேகால் வயதில். வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன். முதல் நாள் வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து என்னையே பார்த்தான். அழவில்லை. இரண்டாம் நாள் அவனே சேலையால் துடைத்துவிட்டுக் குடித்தான். மூன்றாம் நாள் எங்கள் அம்மா அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நெஞ்சு கட்டிப்போய், காய்ச்சலோடு நான் சொசைட்டியில் உட்கார்ந்து மற்றவர்கள் பாலை அளந்துகொண்டிருந்தேன். அந்த மூன்று நாளை இன்று வரை மறக்கவில்லை. பனிமேல் படுத்திருக்கும் அந்தத் தாய்க்கு நாலாம் நாள் எப்படி இருக்கும் என்று நான் கேட்கத் தொடங்கியது அங்கிருந்துதான். அவளுக்கு மனசு உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. உடம்பு உண்டு. அந்த உடம்பு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும்.

நீல முதுகைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அந்தத் தோலுக்காக இந்தக் குட்டிகளைக் காலம் காலமாக வேட்டையாடினார்கள். தாய் குட்டியை விட்டு நகராமல் எதிர்த்து நிற்பாள் என்பதால் பெரும்பாலும் அவளும் சேர்ந்து சாவாள். 1983-ல் ஐரோப்பிய நாடுகள் இந்தக் குட்டித் தோலை உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தன. 1987-ல் கனடா இந்தக் குட்டிகளை வணிகத்துக்காகக் கொல்வதைத் தடை செய்தது. கிரீன்லாந்துக் கடல் பக்கம் 2007-லிருந்து நார்வேயும் வேட்டையை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்துக் கூட்டம் மீளவில்லை. முன்பு இருந்ததில் சிறு பங்குதான் மிச்சம். இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள அருகிய இனம் என்ற பட்டியலில் இருக்கிறது.

வேட்டை நின்றாலும் பனி நிற்கவில்லை. 2010 குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் பனி ஏறக்குறைய கட்டவே இல்லை. நான்கு நாள் போதும் என்று தன்னைச் சுருக்கிக்கொண்ட பிராணிக்கு அந்த நான்கு நாள் படுக்க ஓர் இடம் வேண்டும். இதற்கு மேல் எப்படிச் சுருக்கும்? 60 சதவீதத்துக்கு மேல் எந்தப் பாலில் கொழுப்பை ஏற்ற முடியும்? நான் பாலை அளப்பவள். இனி அங்கே இடமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை நினைத்துக் கவலைப்பட சேரன்மகாதேவிப் பக்கம் ஒருத்தி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கார் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு வருடமும் வானத்தைப் பார்க்கும் ஊர்க்காரிக்கு, பனி கட்டுமா கட்டாதா என்று இன்னொருத்தி காத்திருப்பது அவ்வளவு தூரத்து விஷயம் இல்லை.

கனடா அரசின் பனிச் சேவை கடல் பனி வரைபடத்தை வெளியிடுகிறது. நிறங்களைப் படிக்க அக்கா மகள் சொல்லிக்கொடுத்தாள். இந்த வருடம் பங்குனி முதல் தேதி சாயங்காலம், கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நியூஃபவுண்ட்லாந்துக்கு மேலே ஒரு பட்டை இருந்தது. ஆச்சி தூக்குவாளியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் பனிக்கட்டிக்காரி ஈனிட்டாளாட்டி?"

"இந்த ரெண்டு வாரத்துக்குள்ளதான் ஆச்சி."

"நல்லபடியாப் பெத்துப் பிழைக்கட்டும். சரி, என் பால பாரு. நேத்து கொறச்சலாக் காட்டுச்சு."

சாம்பிளை எடுத்து மெஷினில் வைத்தேன். 7.2 காட்டியது. கார்டில் எழுதிக் கொடுத்தேன்.